புது மெஷினுக்கு வாங்கிய பிளேடுகள்

ஜூன் 3, திங்கள்

மரம் அறுக்கிற பட்டை ரம்பம், பேண்ட்சா மெஷின், வாங்கப் போனேன். வாங்காமல் வந்தேன்.

நூறடி ரோட்டில் மரவேலை மெஷின் கடை வைத்திருக்கும் லோகநாதனிடம்தான் பதினெட்டு வருடமாக எங்களுக்குப் பிளேடு வருகிறது. என் வீட்டுக்காரர் போனில் "லோகு, எப்பவும் போல" என்பார். மறுநாள் பார்சல் வந்துவிடும். அந்த 'எப்பவும் போல' என்னவென்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்கு இன்றைக்கு அனுபவித்தேன்.

"அகலம் எத்தனைங்க்கா? கால் இஞ்சா, அரையா, முக்காலா? இஞ்சுக்கு எத்தனை பல்லு? மூணா, நாலா, ஆறா, பத்தா? கொக்கிப் பல்லுங்களா, விட்டு விட்டு வர்ற பல்லுங்களா?"

பல் டாக்டர்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். லோகு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, "திருமூர்த்தியண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கக்கா" என்றார். அவர் வாயைத் திறந்து பேசுகிறவராக இருந்தால் நான் ஏன் இங்கே வந்து நிற்கிறேன்? இதைச் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி பழைய மெஷினில் அவருக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். அன்றிலிருந்து பட்டறை பூட்டிக் கிடக்கிறது. மெஷினை அவரே காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். வண்டியில் ஏற்றியபோது வெளியே வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு "உன்ற இஷ்டம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதுவே பெரிது.

ஜூன் 4, செவ்வாய்

லோகு கொடுத்த தாளை அவர் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்தேன். அதன் மேல் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 7, வெள்ளி

சரி, நானே கற்றுக்கொள்கிறேன் என்று பட்டறையைத் திறந்தேன். பரணில் இருந்த பழைய பேட்டர்ன்களை எல்லாம் இறக்கித் துடைத்தேன். எங்கள் தொழில் வெளியாட்களுக்குச் சட்டென்று புரியாது. பவுண்டரியில் பம்ப்பை வார்ப்பதற்கு முன்னால் அதே பம்ப்பை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில்தான் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். இரும்பு ஆறினால் சுருங்கும். அதனால் மரத்தில் நூற்றுக்கு ஒன்று கூட்டிச் செய்ய வேண்டும். அவர் அறுப்பார். நான் பட்டி பார்த்து, தேய்த்து, சிவப்புப் பெயின்ட் அடிப்பேன். பிளேடு என் வேலை இல்லை.

ஒவ்வொரு பேட்டர்னிலும் வளைவுகளை அளந்தேன். ஒரு ரூபாய்க் காசைச் சுற்றுகிற மாதிரி சின்ன வளைவு வந்தால் கால் அங்குலப் பிளேடுதான் திரும்பும். மற்ற வேலைக்கு அரை அங்குலம். தடிப் பலகையை இரண்டாகப் பிளக்க முக்கால். இவ்வளவும் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். சாப்பிடும்போது சொன்னேன்.

"கால் இஞ்சுக்கு ஆறு பல்லு போதுமுங்களா, பத்து வேணுமா?"

"உனக்கு எது தோணுதோ வாங்கு."

"எனக்குத் தோணுறதுக்கு நானா அறுக்கப் போறேன்? நீங்கதான அறுக்கோணும்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். சிந்துவது இல்லை. அந்தக் கையாலேயே சும்மா உட்கார்ந்திருக்கும்போது குமிழ் மரத் துண்டை உளியால் செதுக்குகிறார். கோடு பிசகாமல் வருகிறது. கை வருகிறது, அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. வராமல் கிடப்பது வேறு எதுவோ.

ஜூன் 11, செவ்வாய்

பவுண்டரி சூப்பர்வைசர் கனகராஜ் வந்தார். ஆர்டர் தருகிறவர், நல்ல மனிதர். மற்றவர்களைப் போல வாழைப்பழத்தை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசவில்லை, நேராகவே கேட்டார்.

"எப்படிங் மூர்த்தி ஆச்சு? உங்களை மாதிரி சூதானமான ஆளுக்கு?"

என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்தார். இந்த நான்கு மாதத்தில் இதைப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பார். ஒரே மாதிரி, சொல் மாறாமல்.

"பழைய மெஷின்ல சுவிட்ச் கெட்டுப்போயி ரொம்ப நாளாச்சுங்க. செவுத்துல இருக்கிற மெயின்லதான் போடறதும் அமத்தறதும். நான் மெஷின்கிட்ட நிப்பேன், வசந்தா மெயின்கிட்ட இருப்பா. கரண்டு போச்சுன்னா 'மெயினு?'ன்னு கேப்பனுங்க. இவ அமத்திப்போட்டு 'ஆச்சு'ம்பா. அப்பறந்தான் மேசையில கை வெப்பேன். பதினெட்டு வருசமா அப்படித்தான். அன்னிக்குக் கரண்டு போச்சு. நான் கேக்காமயே கைய வெச்சுட்டேன். ஒரு நிமிசத்துல கரண்டு வந்துருச்சு."

"கேக்கலையா?"

"கரண்டு போனது ஞாபகமிருக்குதுங்க. அப்பறம் ஆஸ்பத்திரிதான். நடுவுல ஒண்ணுமே நெனப்பில்ல. ஆனா கேட்டிருந்தா இவ அமத்தியிருப்பால்ல. அமத்தலைன்னா நான் கேக்கலைன்னுதான அர்த்தம்."

நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன். கனகராஜ் கிளம்பும்போது, புதுப் பம்ப்புக்கு ஆர்டர் இருக்கிறது, ஜூலை கடைசி வரைக்கும் காத்திருக்கிறேன் என்று என்னிடம் சொன்னார்.

ஜூன் 12, புதன்

எழுத ஒன்றும் இல்லை. கறிவேப்பிலைச் செடிக்கு மோர் ஊற்றினேன்.

ஜூன் 17, திங்கள்

மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பதினெட்டு அங்குலச் சக்கரம். மேசை சாயும். பேட்டர்ன் மண்ணிலிருந்து பிய்யாமல் வெளியே வர ஓரத்தைச் சாய்த்து அறுக்க வேண்டுமே, அதற்கு. பிளேடு ஐந்து: கால் அங்குலத்தில் இரண்டு, அரையில் இரண்டு, முக்காலில் ஒன்று. பல் கூட இருந்தால் வெட்டு வழவழப்பாக இருக்கும் என்று எல்லாவற்றிலும் ஆறு பல்லே சொன்னேன்.

கூட வாங்க வேண்டியதை லோகு ஒவ்வொன்றாகக் காட்டினார். பலகை நேராக ஓட ஒரு தடுப்புக் கட்டை. சக்கரத்தில் ஒட்டும் தூளைத் தள்ள ஒரு பிரஷ். தூள் உறிஞ்சும் குழாய். சக்கரம் சீக்கிரம் நிற்கக் காலால் மிதிக்கும் பிரேக். எல்லாம் சரி என்றேன்.

"கரண்ட் போயிட்டுத் திரும்பி வந்தா மெஷின் தானா ஓடக் கூடாது. நாம மறுபடி அழுத்துனாத்தான் ஓடோணும். அப்படி ஒரு சுவிட்ச் இருக்குதுங்களாமே?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க்கா. ஆனா இந்த மெஷினுக்குச் சென்னையிலிருந்துதான் வரோணும். பத்து நாள் ஆயிரும். அது எதுக்குங்க்கா, மெயின் போர்டுகிட்டதான் நீங்க இருக்கறீங்களே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்?

பத்து நாள் ஆனால் ஆகட்டும், அந்தச் சுவிட்ச் இல்லாமல் மெஷினை வண்டியில் ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 22, சனி

இன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் பேசிவிட்டாராம். ஜூலை எட்டாம் தேதி சேர வேண்டுமாம்.

"மெஷின் அடுத்த வாரம் வருதுங்க."

"வரட்டு. வேற ஆளை வெச்சு ஓட்டு. நல்ல ஆளா நானே பாத்துத் தாரேன்."

"இடது கையில இத்தனை நல்லா செதுக்கறீங்க. ரெண்டு மாசம் பழகுனா மெஷின்லயும் வந்துரும்."

"கை வரும் வசந்தா. கையப் பத்தி யாரு பேசுனா?" நெற்றிப் பொட்டில் விரலால் தட்டிக் காட்டினார். "இதுதான் போச்சு. பதினெட்டு வருசம் கேட்டவன் ஒரு நாள் கேக்க மறந்தான். நாளைக்கு எதை மறப்பான்? மறக்கறவன் மெஷின்கிட்ட நிக்கக் கூடாது. இன்னொருத்தன் கையும் போயிரும்."

கோபமே இல்லாமல் சொன்னார். வாட்ச்மேன் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இவர் அதற்குப் போவது எதனால் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலிருந்து மூன்று தடவை நோட்டைத் திறந்து மூடிவிட்டேன். என் நோட்டில் நானே பூசி மெழுகிக்கொண்டு இருந்தால் எதற்கு எழுத வேண்டும்?

அவர் கேட்டார்.

பிப்ரவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்றேகால். கரண்ட் போயிற்று. "மெயினு?" என்று கேட்டார். நான் போர்டுக்கு நாலடி தள்ளி நின்று கனகராஜிடம் போனில் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கையில் பென்சில். "ஆச்சு" என்றேன். கையை நீட்டவில்லை, காலை எடுத்து வைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினெட்டு வருடமாகச் சொன்ன வாய். கரண்ட் போனால் ஒரு மணி நேரம் வராது, போனை வைத்துவிட்டு அமத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேனா? அப்படி நினைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. அவர் பிளேடு ஓரத்தில் மாட்டிக்கொண்ட மரச் சிம்பை எடுக்கக் கையை விட்டார். கரண்ட் வந்தது. போன் விழுந்து கட்டானதில் கனகராஜுக்கு எதுவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கேக்காம வெச்சுட்டேன் வசந்தா" என்பதுதான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கட்டுப் பிரிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு தையல் பிரிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு எல்லோருக்கும் அவர் சொன்ன கதையே தெரிந்துவிட்டது. என் மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் தன் தலை மேல் பழியைப் போட்டுக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு அதில் குளிர் காய்ந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

இன்று சொல்லலாம் என்று இருந்தேன். மாவரைக்கப் போய்விட்டேன்.

ஜூன் 29, சனி

மெஷின் வந்தது. சுவிட்சும் வந்தது. லோகு அனுப்பிய பிட்டர் பதினோரு மணிக்குள் எல்லாவற்றையும் பூட்டி, மட்டம் பார்த்து, அரை அங்குலப் பிளேடை மாட்டினார். பிளேடு மூன்று சுற்றாக மடித்து வருகிறது. கட்டை அவிழ்த்தால் துள்ளிக்கொண்டு விரியும். அதனால் கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. நான் திரும்ப மடிக்கப் பார்த்தேன். நாலு தடவையும் கையை விட்டுத் துள்ளி விழுந்தது.

என் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

பிட்டர் மெஷினை ஓடவிட்டு, "இப்பப் பாருங்கம்மா" என்று மெயினைக் கீழே தள்ளினார். சக்கரம் சத்தமே இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றி நின்றது. மறுபடி மெயினை மேலே தூக்கினார். மெஷின் அசையவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்திய பிறகுதான் ஓடியது. இரண்டு தடவை செய்து காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் படியிலிருந்தே சொன்னார்: "நல்ல சாமான். இது அன்னிக்கு இருந்திருந்தா, நான் மறந்தும் தப்பிச்சிருப்பேன்."

"நீங்க மறக்கலீங்க."

அவருக்குப் புரியவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து லேசாகச் சிரித்தார்.

"நீங்க கேட்டீங்க. 'மெயினு?'ன்னு கேட்டீங்க. நான் ஆச்சுன்னேன்."

"அப்பறம்?"

"அமத்தல. கனகராஜ்கிட்டப் போன்ல பேசிட்டிருந்தேன். அமத்தாமயே சொல்லிப்போட்டேன்."

வெளியே யாரோ இரும்புக் குழாயை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது. பிறகு கேட்டார்.

"சத்தமாச் சொன்னியா?"

"சத்தமாத்தாங்க."

"எனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுட்டுத்தான் கைய வெச்சீங்க."

படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு விரல் இருக்கிற கையை மடியில் வைத்து அதையே பார்த்தார்.

"தெனம் காலையில எந்திரிச்சு, பால்காரன் பேரு, உங்கொப்பன் பேரு, நம்ம போன் நம்பரு எல்லாத்தையும் ஒரு வாட்டி சொல்லிப் பாப்பேன் வசந்தா. மறந்துட்டனான்னு. கேட்டைப் பூட்டிப்போட்டு மூணு வாட்டி போயி இழுத்துப் பாப்பேன். நீ பாத்துட்டுத்தான இருந்தே?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"நாலரை மாசம்."

"ஆமாங்க."

விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லித் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். எழுந்து, என்னைத் தொடாமல் தாண்டிக்கொண்டு பட்டறைக்குள் போனார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன்.

ஜூன் 30, ஞாயிறு

பேசவில்லை. தட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஜூலை 2, செவ்வாய்

பேசவில்லை. பட்டறைக்குள் என்ன செய்கிறார் என்று பார்க்கப் போனேன். மெஷின் ஓடவில்லை, பிளேடை இடது கையாலும் முழங்காலாலும் மடித்துப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை துள்ளியது. மூன்றாவது தடவை மூன்று வளையமாக அடங்கியது. என்னைப் பார்த்ததும், "நீ இங்க வர வேண்டாம்" என்றார். மூன்று நாளில் பேசிய ஒரே வார்த்தை. திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். முதலில் வெறுமனே ஓடியது, பிறகு மரம் அறுபடுகிற சத்தம். நடுவில் ஒரு தடவை கரண்ட் போனது. என் கால் தானாக வாசல் வரைக்கும் போய்விட்டது. "மெயினு?" என்ற குரல் வரவில்லை. அவரே போர்டுக்கு நடந்து போய், அவரே லிவரைக் கீழே தள்ளுகிற சத்தம் கேட்டது. புதுச் சுவிட்ச் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

எத்தனை பேர் வந்து சொன்னாலும் இனி அவர் இன்னொருவரின் 'ஆச்சு'வை நம்பிக் கையை வைக்க மாட்டார். நியாயம்தான். வலிக்கிறது, அதுவும் நியாயம்தான்.

ஜூலை 8, திங்கள்

மில்லுக்குப் போகவில்லை. வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டார். கேட்டைப் பூட்டினார், இழுத்துப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

பத்து மணிக்கு முக்கால் அங்குலப் பிளேடைக் கொண்டுவந்து அடுப்படி மேடையில் வைத்தார்.

"இதுக்கு ஆறு பல்லு எவன் வாங்குவான்? தடிப் பலகையில தூள் போக எடமில்லாம அடைச்சு, சூடேறிக் கருகுது. மூணு பல்லு வேணும்."

"மாத்திட்டு வாரனுங்க."

"நானே போறேன். நீ வண்டிய ஓட்டு."

வலது கையில் ஸ்கூட்டர் முறுக்க அவரால் முடியாது. அதனால்தான் கூப்பிட்டார், வேறு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

லோகுவுக்கு அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். நாற்காலி போட்டார், டீ சொன்னார். அவர் உட்காராமல் ஒவ்வொரு பிளேடாக எடுத்து இடது கட்டை விரலால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

லோகு மெதுவாகச் சொன்னார்: "திரும்ப வந்துட்டீங்களேண்ணா, அதுவே போதும். மறதி யாருக்குத்தான் வராது? வயசாகுதுல்ல, ஒரு தடவை கேக்க மறந்துட்டீங்க, விடுங்க. அதையே நெனைச்சுட்டு இருக்காதீங்க."

 அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பிளேடைத் தடவுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

"அவரு மறக்கலீங்க லோகு" என்றேன். "அவரு கேட்டாரு. நாந்தான் மெயினை அமத்தாமயே ஆச்சுன்னு சொன்னேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல. இத்தனை நாளா நான் யாருகிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

கடையில் எல்லோருக்கும் கேட்டது. லோகு டீ கிளாசை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். என்னை அக்கா என்று கூப்பிடுகிற மனிதர், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"முக்கால் இஞ்சு, மூணு பல்லு" என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு குடு லோகு."

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அவர் பின்னால் ஏறினார். காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது பேசினார்.

"கனகராஜுக்கும் சொல்லோணும்."

"சொல்றனுங்க."

"அவங்கிட்டயுந்தான சொல்லிப்போட்டேன், நான் கேக்கலைன்னு."

"நாளைக்குக் காலையில பவுண்டரிக்குப் போயி நானே சொல்றனுங்க."

"நாளைக்கு என்ன? இப்பவே போ."

பச்சை விழுந்தது. வண்டியைப் பவுண்டரிப் பக்கம் திருப்பினேன்.